ஒரே குழியில் இரண்டு சேலை

1

மலேசியாவுக்கு வந்து பதினாறு வருடம் முடிந்த அன்று சிவகாசியிலிருந்து பெரிய மாமா போனில் கூப்பிட்டார். வாழ்த்துச் சொல்வதற்காக அல்ல. பதினாறு வருடமாகக் கேட்கும் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்பதற்காக.

"மருமகனே, கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்ல முடியல. அங்க நீ என்னதான் வேலை பாக்க?"

இந்த முறை ஒரு முடிவோடு உட்கார்ந்து விளக்கினேன். தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதற்குள் எண்பது நிறங்களில் ஒளி ஓடும், ஒன்றோடொன்று ஒட்டாது. அந்த நிறங்களில் இந்தக் கம்பெனிக்கு நாலு, அந்தக் கம்பெனிக்கு ஆறு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் "இந்தக் கம்பி உங்களுக்கே உங்களுக்கு" என்று சொல்வோம். அவரவர் திரையில் அவரவர் கம்பி மட்டும் தெரியும். முன்பெல்லாம் இதற்கு ஆள் போய்ச் செருகிப் பிடுங்கி மாற்ற வேண்டும். இப்போது எல்லாம் மென்பொருள். நான் திரையில் ஒரு கோட்டை இழுத்துவிட்டால் சைபர்ஜெயாவில் இருக்கும் தரவு மையத்துக்கும் கிள்ளானில் இருக்கும் தரவு மையத்துக்கும் இடையே ஒரு புதுப் பாதை பிறந்துவிடும்.

மாமா அதைத் தன் கணக்கில் போட்டுப் பார்த்தார்.

"அப்ப ஒரே வீட்டை எட்டுப் பேருக்கு ஒத்திக்கு விடுற மாதிரி."

"கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா."

"போலீஸ் புடிக்கலையா?"

என் தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் புரிந்துகொண்டதில்லை. போலீஸ் பிடிக்கவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே வேறொருவர் பிடித்தார். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். மாமாவிடம் யாரும் படித்துக் காட்ட வேண்டாம்.

2

காரணம், அவரும் இதில் இருக்கிறார்.

ஊர் ஊராக இருக்கும் சின்ன கிளினிக்குகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர் ஆனது. படங்கள் இரண்டு தரவு மையங்களிலும் இருக்க வேண்டும். எப்போது கேட்டாலும் வர வேண்டும். அதனால் இரண்டு ஒளிப்பாதைகள். ஒன்று பூச்சோங், சுபாங் ஜெயா வழியாக. மற்றது ஸ்ரீ கெம்பாங்கான், பிரிக்பீல்ட்ஸ் வழியாக. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டும் எந்த இடத்திலும் சந்திக்கவே கூடாது. ஏனென்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாராவது எங்காவது தோண்டாத நாள் கிடையாது. ஒரு பாதை அறுந்தால் மற்றது ஓட வேண்டும். இரண்டும் ஒன்றாக அறுந்தால், எங்கோ ஒரு கிளினிக்கில் ஒரு டாக்டர் நோயாளியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாதைகளுக்குப் பெயர் வைக்கும் உரிமை எனக்கு. சந்திக்கவே கூடாத இருவர் என்றதும் எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. என் பெரிய மாமாவும் சின்ன மாமாவும் ஒரு டேபிள் ஃபேனுக்காகப் பேச்சை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருவர் கல்யாணத்துக்கு வந்தால் மற்றவர் காதுகுத்துக்கு வருவார். சுபாங் பாதைக்குப் பெரியமாமா, பிரிக்பீல்ட்ஸ் பாதைக்குச் சின்னமாமா என்று வைத்தேன். எங்கள் திட்டத் தலைவர் லிம் சீனர். "பெரியமாமா, சின்னமாமா" என்று அலுவலகக் கூட்டத்தில் அவர் உரக்கச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பாதைகள் தயாரானதும் ஓர் உறுதிமொழிப் படிவம் வந்தது. பன்னிரண்டு கேள்விகள். பதினொன்றுக்கு மென்பொருளே பதில் எழுதிவிட்டது. பன்னிரண்டாவது மட்டும் மனிதனுக்கானது: "பாதை முழுவதையும் நேரில் போய்ப் பார்த்தீர்களா?"

நான் அப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வாழை இலைச் சாப்பாட்டில் இருந்தேன். வெளியே மழை. திரையில் இரண்டு பாதைகளும் பச்சை, எல்லாம் சரி என்று அர்த்தம். எனக்கு ரசம் வந்துகொண்டிருந்தது. இடது கையால் போனை எடுத்து, 'ஆம்' என்று தட்டிவிட்டு, அப்பளத்தை உடைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதினாறு வருடம் ஆனாலும் நான் இங்கே வேலை அனுமதியில் இருப்பவன்தான். அந்தப் பாஸ் முடிய இரண்டு மாதம் இருந்தது. நிறுவனம் கடிதம் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். இந்தத் திட்டம் ஓடத் தொடங்கி வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டதும் கடிதம் என்று லிம் சொல்லியிருந்தார். மகள் யாழினிக்கு அடுத்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். அவளுக்குச் சிவகாசி என்றால் வருடத்துக்கு ஒரு தடவை வயிறு கெட்டுப்போகும் இடம். நடுவில் பிடுங்கிக்கொண்டு போனால் அவள் என்னை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டாள். அந்த 'ஆம்' பொத்தானுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. ரசம் மட்டுமே காரணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

3

பாதைகளைத் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாழினியின் பள்ளிக் கலைவிழாவுக்குச் சேலை வாங்கக் கிள்ளானுக்குப் போனோம். ஏழு கடை ஏறி இறங்கி, முதல் கடையில் முதலில் பார்த்த சேலையையே வாங்கிக்கொண்டு திரும்பினால், காருக்குப் பக்கத்தில் சாலை மறிப்புக் கூம்புகள். ரப்பர் பூட்ஸும் மின்னும் சட்டையும் போட்ட ஒரு பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, காடிய கொஞ்சம் முன்னுக்கு எடுங்க. மேன்ஹோல் மூடி உங்க டயருக்குக் கீழ மாட்டிக்கிச்சு."

"மன்னிச்சுக்கோங்கம்மா, இதோ எடுத்துடறேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"பாஸ்?"

நான் விழித்தேன். அந்த நாட்களில் பாஸ் என்றாலே எனக்கு வேலை அனுமதிதான் நினைவுக்கு வரும்.

"ஐயோ, சைபர்ஜெயா பாஸ் தானே? 'பச்சை வந்துருச்சாம்மா, பச்சை வந்துருச்சாம்மா'ன்னு உசுர வாங்குவீங்களே! நான் தேவி லா."

தேவி. ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் கேபிள்காரர். அறுந்த கண்ணாடி இழையை ஒட்டுவதில் கெட்டிக்காரர். நாலு வருடமாகப் போனில் மட்டும் பேசியிருக்கிறோம். நான் மனதில் வைத்திருந்த தேவி ஏசி அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்.

"நான் நெனச்சேன் பாஸ், நீங்க நல்லா உசரமா இருப்பீங்கன்னு" என்றார் தேவி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. யாழினி சேலைப் பையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காரை நகர்த்தினேன். தேவி மூடியைத் திறந்தார். "வாங்க, உங்க கேபிளப் பாருங்க. போட்டோ தானே பார்த்திருப்பீங்க" என்றார். குனிந்து பார்த்தேன். கறுப்புத் தண்ணீருக்கு மேல் கொக்கிகளில் இரண்டு தடித்த கேபிள்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்றில் கத்தரிப்பூ நிறத் துணி கட்டியிருந்தது. மற்றதில் மாம்பழ மஞ்சள்.

"இது என்ன துணி?"

"சேலை பாஸ். நீங்க அனுப்புற லேபிள் இந்தத் தண்ணியில ஆறு மாசம் தாங்காது. எழுத்தெல்லாம் கழுவிட்டுப் போய்டும். அதான் எங்கம்மா கட்டி அலுத்த நைலெக்ஸ் சேலையக் கிழிச்சிக் கட்டிடுவேன். உலகம் அழிஞ்சாலும் அது அழியாது. எந்த மூடிய தொறந்தாலும் கலரப் பார்த்தாலே எந்த லைனுன்னு சொல்லிடுவேன்."

எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. லேபிள் அச்சடிக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இது ஓர் அவமானம்தான், ஆனாலும் பிடித்தது. சிரித்துக்கொண்டே கேட்டேன். "சரி, கத்தரிப்பூ எந்த லைன்?"

"அது பூச்சோங்லேர்ந்து சுபாங் வழியா வர்றது."

"மஞ்சள்?"

"அது பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து வர்றது."

என் சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய மாமாவும் சின்ன மாமாவும் கிள்ளானில் ஒரே குழியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது ரெண்டும் ஏம்மா ஒரே குழியில இருக்கு? மேப்ல மஞ்சள் அடுத்த தெருவுலல்ல போகுது?"

"அந்தத் தெருவுல பாலம் கட்டுறப்போ குழாய உடைச்சிட்டாங்க பாஸ். டெம்பரரியா இங்க போடு, ஒரு மாசத்துல மாத்திடலாம்னாங்க. அப்போ என் பையன் பாலர் பள்ளியில பாட்டுப் பாடிட்டு இருந்தான். இப்போ ஃபார்ம் டூ, பதினாலு வயசு. மீசை வந்துடுச்சு."

"மேப்ல மாத்தச் சொல்லலையா?"

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். அவரு வேற கம்பெனிக்குப் போய்ட்டாரு. மேப்பு இங்கயே இருக்கு."

காரில் திரும்பி வரும்போது அந்தப் படிவத்தைப் பற்றி நான் புலம்பியதைக் கேட்டு, யாழினி போனைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்பா, எங்கயும் போய்ப் பார்க்காமலேயே பார்த்துட்டேன்னு டிக் போட்டீங்களா?"

"அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா."

"ப்ளஃப் லா பா."

புளுகு என்பதை இந்த ஊர் 'லா' சேர்த்து அவ்வளவுதான் சொன்னாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவளுடைய தமிழைத் திருத்துவது எனக்கு வழக்கம். அன்று திருத்தவில்லை. வெட்கமாக இருந்தது.

4

இது பரம்பரைக் கோளாறோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அப்பா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் இருந்தார். காலண்டர் சீசனில் அச்சுக்குப் போகும் முன் மாதிரித் தாளில் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. ஒரு வருடம் ஒரு பாத்திரக்கடைக்கு அடித்த காலண்டரில் ஆடி மாதத்தில் கறுப்பு வட்டமும் வெள்ளை வட்டமும் இடம் மாறிவிட்டன. ஆடி அமாவாசை அன்றைக்குப் பௌர்ணமி. தனக்கு முன் மூன்று பேர் பார்த்தாயிற்று என்று அப்பா பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். காலண்டர் ஊரெல்லாம் தொங்கிய பிறகு பாத்திரக்கடைக்காரர் குதித்துக்கொண்டு வந்தார்.

அப்பா அசரவில்லை. "அண்ணாச்சி, ராத்திரி வெளிய வந்து பாருங்க. நிலா தெரிஞ்சா பௌர்ணமி. தெரியலைன்னா அமாவாசை. இதுக்குப் போயி எதுக்குங்க காலண்டர்?" என்றார்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் பல வருடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அந்த ஆடியில் எத்தனை பேர் தப்பான நாளில் கடற்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார்களோ, அதை நாங்கள் யாரும் யோசித்ததில்லை. கிள்ளானிலிருந்து வந்த அன்றுதான் எனக்கு அந்த யோசனையே வந்தது. அப்பாவின் மேல் கோபம் வந்தது. அவர் இல்லாததால் அந்தக் கோபமும் என் தலையிலேயே விழுந்தது.

5

அடுத்த மூன்று நாள் நான் நல்லவனாகவில்லை. உண்மையைச் சொல்லாமல் தப்பிக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையும் தேடினேன்.

முதலில் மென்பொருளிடம் போனேன். சின்ன மாமாவுக்கு வேறு பாதை போட்டுத் தரச் சொன்னேன். அது ஒரு விநாடியில் மூன்று பாதைகளை வரைந்து காட்டியது. மூன்றும் கிள்ளானில் அதே குழிக்குத்தான் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. "மோதல் இல்லை" என்று பச்சையாகச் சிரித்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தன்னம்பிக்கையா என்று எரிச்சலாக இருந்தது. பிறகு, அதை நம்பிக் கையெழுத்துப் போட்டவன் யார் என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்து லிம்மிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

"திரை பச்சையா, இல்லையா?"

"பச்சைதான்."

"அப்புறம் என்ன?"

"குழி ஒண்ணா இருக்கு."

"எட்டு வருஷமா அந்தத் தெருவுல யாரும் தோண்டல. இனிமேலும் தோண்ட மாட்டாங்க. மொதல்ல ஓடட்டும், பிறகு பார்க்கலாம். உன் கடிதம் வேற இதுலதான் தொங்குது, மறந்துடாதே."

மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். மிரட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இதற்கிடையே எனக்கு ஒரு புது வியாதி வந்துவிட்டது. சாலையில் எங்கே மண் தோண்டும் வண்டியைப் பார்த்தாலும் காரை ஓரம் கட்டி இறங்கிவிடுவேன். எனக்குத் தெரிந்த மலாயில் "எவ்வளவு ஆழம்? யார் அனுமதி?" என்று விசாரிப்பேன். பூச்சோங்கில் ஒரு வங்காளதேசத்துக்காரர் நான் நகராண்மைக் கழக அதிகாரி என்று நினைத்து, வண்டியை அணைத்துவிட்டு ஓடியே போனார்.

மூன்றாவது நாள், அப்படி நான் இறங்கி ஏறியதைக் காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி செல்வி சொன்னாள். "சொல்லிடுங்க. பாஸ் போனா போகட்டும். பெட்டி கட்ட எனக்குத் தெரியும். இப்படி ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி ஏறுற ஆளோட இந்த ஊர்ல குப்பை கொட்ட முடியாது."

வாடிக்கையாளர் தரப்பில் பொறுப்பில் இருந்தவர் புவான் அஸ்லினா, அதாவது திருமதி அஸ்லினா. ஆங்கிலத்தில் அவருக்கு மூன்று வரி எழுதினேன். பாதை முழுவதையும் நேரில் பார்த்ததாக 'ஆம்' போட்டேன். நான் எதையும் பார்க்கவில்லை. கிள்ளானில் இரண்டும் ஒரே குழியில் இருக்கின்றன. லிம்முக்கும் ஒரு நகல் போட்டேன். அனுப்பியதும் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பெரிய மன நிம்மதி வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன். எனக்கு வாந்திதான் வந்தது.

அரை மணி நேரத்தில் புவான் அஸ்லினா கூப்பிட்டார்.

"யாரும் கேக்கலையே. நீங்க ஏன் சொன்னீங்க?"

"என் பொண்ணு கேட்டா."

அவர் எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "கேபிளை மாத்துங்க. மாத்தின பிறகு, ரெண்டு பாதையிலயும் எத்தனை மூடி இருக்கோ அத்தனையும் திறந்து நீங்களே பாருங்க. மென்பொருள் இல்லை, நீங்க. அதுக்கு அப்புறம்தான் என் கையெழுத்து" என்றார்.

லிம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். "புதுப் படிவம் வந்தாத்தான் உன் கடிதம். மனிதவளப் பிரிவு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குத்தான் எல்லாக் கடிதத்தையும் மொத்தமா அனுப்பும். அஞ்சு மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் அடுத்த வெள்ளி. என்னால வேற எதுவும் பண்ண முடியாது."

6

திரையில் ஒரு பாதையை மாற்ற எனக்கு நாலு விநாடி போதும். தெருவில் ஒரு கேபிளை மாற்ற நாலு அலுவலகத்தின் முத்திரை வேண்டும். நகராண்மைக் கழகம், போக்குவரத்துப் போலீஸ், தண்ணீர், மின்சாரம். தண்ணீர்க்காரர் மின்சாரக்காரரின் முத்திரை முதலில் வேண்டும் என்றார். மின்சாரக்காரர் தண்ணீர்க்காரரின் முத்திரை இல்லாமல் தொடவே மாட்டேன் என்றார். கடைசியில் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரே நேரத்தில் குத்தச் சொல்லி, ஒன்று இரண்டு மூன்று என்று நானே எண்ணினேன். இந்த யோசனை தேவியுடையது. அவர் இதை முன்பும் செய்திருக்கிறாராம்.

மஞ்சள் சேலை கேபிளைப் பிடுங்கி, தரவு மையத்தின் பின்வாசல் வழியாக, வேறு தெருவில் கிடந்த ஒரு பழைய குழாயில் தேவி கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்குள் ஐந்து வாரம் போய்விட்டது. என் பாஸ் முடிய இரண்டு வாரம். பார்க்க வேண்டிய மூடிகள் நூற்றுப் பதினேழு.

பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. "வீட்ல போர் அடிக்குது, நானும் வரேன்" என்று யாழினி வந்தாள். எனக்குத் துணையாக வருகிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே அவள் தேவியின் ஆளாகிவிட்டாள். பட்டியலை அவள் வைத்துக்கொண்டாள். மூடியைத் தேவி திறப்பார். "ஆன்டி, கத்தரிப்பூ ஒண்ணு மட்டும்" என்று யாழினி சொல்வாள். நான் எட்டிப் பார்ப்பேன். அவள் குறித்துக்கொள்வாள். அடுத்த மூடி. மதியம் மூவரும் நடைபாதையில் உட்கார்ந்து, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் பிரிப்போம். பதினாறு வருடமாக நான் ஒளி அனுப்பிக்கொண்டிருந்த ஊரை அந்த ஒன்பது நாளில்தான் காலால் பார்த்தேன். சுபாங் ஜெயாவின் பளபளப்புக்குக் கீழே இவ்வளவு தவளைகள் இருக்கின்றன என்பதை எந்த மென்பொருளும் எனக்குச் சொன்னதில்லை.

யாழினியும் நானும் அவ்வளவு பேசியதே இல்லை. பேச்சு பெரும்பாலும் அவள் தேவியிடம் பேசியதுதான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பெரிய பரீட்சை பயம், வேதியியல் வாத்தியாரின் விக், திடீரென்று ஊருக்குப் போய்விடச் சொல்வார்களோ என்ற கவலை. அதை அவள் என்னிடம் கேட்டதே இல்லை. தேவியிடம் கேட்டாள்.

"போகச் சொன்னா போவியா?" என்றார் தேவி, குழிக்குள்ளிருந்து.

"எங்க ஆன்டி போறது? எனக்கு இதுதானே ஊரு."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் கடைசி மூடியைப் பார்த்து முடித்தோம். தேவி மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குக் கிளம்பினார். நானும் யாழினியும் ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் சொன்னோம். மடிக்கணினியைத் திறந்தேன். இப்போது படிவத்தில் ஒவ்வொரு மூடிக்கும் ஒரு கட்டம். யாழினி பட்டியலைப் படிக்கப் படிக்க நான் தட்டிக்கொண்டே போனேன். ஐந்து மணிக்குள் லிம்முக்கு அனுப்பினால் கடிதம் போய்விடும். என் பாஸ் அடுத்த புதன்கிழமை முடிகிறது.

"நாப்பது, ஓகே. நாப்பத்திரண்டு, ஓகே."

"நாப்பத்தொண்ணு?"

"அது நீங்க பார்க்கல பா."

"பார்த்தோமேம்மா. சுபாங்ல, பெட்ரோல் ஸ்டேஷன் பக்கத்துல."

"நானும் ஆன்டியும் பார்த்தோம். நீங்க அப்போ ரோட்டுக்கு அந்தப் பக்கம் இளநீர் குடிச்சிட்டு இருந்தீங்க."

"நீங்க பார்த்தீங்கல்ல? சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

லிம்முடைய குரல் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். யாழினி பட்டியலை மேசையில் வைத்தாள். அதில் நாற்பத்தொன்றுக்கு நேராக அவள் கையெழுத்தில் 'யா, தே' என்று மட்டும் இருந்தது. மற்ற நூற்றுப் பதினாறிலும் மூன்று பேர்.

கணினியில் மணி நாலு ஐந்து. கட்டத்தின் மேல் விரல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அமுக்கத்தான் நினைத்தேன். இத்தனை பட்ட பிறகு ஒரே ஒரு கட்டம். அதிலும் பொய் என்றுகூடச் சொல்ல முடியாத பொய். பார்த்தவர்கள் இருவரும் என்னைவிடக் கண் நன்றாகத் தெரிகிறவர்கள். இவளுக்காகத்தானே இந்த ஊரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன் என்ற ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. "உனக்காகத்தான்மா" என்று சொல்லக்கூட வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுகிற பார்வை இல்லை. அடுத்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிற பார்வை.

தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுபாங் ஜெயாவுக்குக் கார் ஓட்டியவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நகர்ந்து நகர்ந்து போனோம். ஐந்து மணி ஆனபோது நெடுஞ்சாலையில் ஒரு சிமெண்ட் லாரிக்குப் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தோம். யாழினி கடிகாரத்தைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி லாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். யாழினி போனில் சொல்லி, தேவி பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்துவிட்டார். மூடியின் மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"பாஸ், இதுக்காகவா இந்த ஜாமுல வந்தீங்க? நான் வீடியோ எடுத்து அனுப்பியிருப்பேனே."

"திறம்மா" என்றேன்.

திறந்தார். முழங்கால் ஊன்றித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறம். ஒரே ஒரு கேபிள். ஓரத்தில் ஒரு தவளை. எல்லாம் சரியாக இருந்தது. யாழினி சொன்னதில் ஒரு நூல் மாறவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஒரு சின்ன விரிசலாவது, ஒரு தப்பான துணியாவது இருந்திருக்கக் கூடாதா? வந்ததற்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.

காரின் முன்பக்கத்தில் கணினியை வைத்து, சேற்றுக் கையோடு நாற்பத்தொன்றைத் தட்டினேன். படிவம் போனது. இரண்டு நிமிடத்தில் லிம்மிடமிருந்து செய்தி வந்தது. "லேட். கடிதம் அடுத்த வெள்ளி. அதுவரைக்கும் சிறப்பு அனுமதிக்கு நீயே புத்ராஜெயா குடிநுழைவு ஆபீஸ் போய் வரிசையில நின்னுக்கோ. கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

அதை யாழினியிடம் நீட்டினேன். மறைக்கத் தோன்றவில்லை. அவள் இரண்டு முறை படித்தாள். பட்டியலில் 'யா, தே'க்குப் பக்கத்தில் 'அ' என்று எழுதி, பேனாவை மூடினாள்.

"திங்கக்கிழமை நானும் வரேன் பா."

"அங்க நாள் முழுக்க நிக்கணும்மா. கால் வலிக்கும்."

"ஸ்கூல் லீவு தானே. ரெண்டு பேரா நின்னா ஒருத்தர் சாப்பிடப் போலாம்."

தேவி மூடியைத் தள்ளிப் பொருத்தி, ஏறி நின்று மிதித்துப் பார்த்தார். நான் வண்டியை எடுத்தேன். புத்ராஜெயாவில் எத்தனை மணிக்குக் கதவு திறப்பார்கள், எந்த மாடி, எந்த ஜன்னலில் எண் வாங்க வேண்டும், எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கூப்பிடுவது காதில் விழும் என்று வீடு வரும்வரை அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் போனை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள்.